அரை கிரவுண்டும் எட்டுக் கோழியும்: சென்னையில் எந்தப் பச்சையை விதைப்பது?

வீட்டுக்குப் பின்னால் அரை கிரவுண்டு, அதாவது 1200 சதுர அடி, காலியாக இருக்கிறது. எட்டுக் கோழிகள் இருக்கின்றன, அல்லது வரப்போகின்றன. அவற்றை அப்படியே திறந்துவிட்டால் முதல் மாதத்தில் புல் பூண்டு தீரும், அடுத்த மாதம் கட்டாந்தரையாகும், அதற்குள் மழை வந்துவிட்டால் சேறாகும். எதையாவது விதைத்து இந்த இடத்தைப் பச்சையாக வைத்திருக்க முடியுமா, முடியுமானால் எதை விதைப்பது என்பதுதான் கேள்வி.

கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். தண்ணீரில் மிதந்து வளரும் அசோலா என்பார் ஒருவர். கோ-5 புல் என்பார் இன்னொருவர். வெளிநாட்டு வீடியோ பார்த்தவர் குளோவர் விதை எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பார். கீரை விதையைத் தூவினால் போதும் என்பார் வீட்டிலுள்ள பெரியவர். என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: வேலியோரம் வேலிமசால் என்ற புதர்த் தீவனச் செடியும் முருங்கையும் நிரந்தரமாக நிற்கட்டும்; உள்ளே தை மாதத்திலும் ஆடி மாதத்திலும் மட்டும் கீரையும் கம்பும் விதையுங்கள்; ஐப்பசி, கார்த்திகையிலும் அக்கினி நட்சத்திரத்திலும் விதைப் பையைத் தொடாதீர்கள். மற்றவற்றை ஏன் ஒதுக்குகிறேன் என்பதற்குக் காரணங்கள் உண்டு.

முதலில் ஒரு கணக்கு. முட்டையிடும் கோழி ஒன்று நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் வரை தீவனம் தின்னும். அதோடு 30 கிராம் பச்சை கொடுக்கலாம். கீரையில் எண்பது சதவீதத்துக்கு மேல் தண்ணீர் என்பதால் அந்த 30 கிராமில் உலர்ந்த சத்து ஐந்து கிராம் தேறினால் அதிகம். ஆக, பச்சை விதைத்துத் தீவனச் செலவைப் பாதியாகக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முட்டையிடும் கோழிக்கான தீவனத்தில் 16 முதல் 18 சதவீதம் புரதமும் மூன்றரை சதவீதத்தை ஒட்டிச் சுண்ணாம்புச் சத்தும் வேண்டும். எந்த இலையும் அந்த இடத்தை நிரப்பாது.

பச்சையால் கிடைப்பது வேறு. மஞ்சள் கருவின் நிறம் கோழி தின்னும் இலையிலும் தீவனத்திலும் உள்ள நிறமிகளிலிருந்துதான் வருகிறது. கோழியால் அதைத் தானாக உண்டாக்கிக்கொள்ள முடியாது. ஒழுங்காகப் பச்சை கொடுத்தால் இரண்டு வாரத்தில் கருவின் நிறம் ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம். வைட்டமின் ஏ கிடைக்கிறது. கிளறவும் கொத்தவும் ஏதாவது இருந்தால் ஒன்றின் முதுகை ஒன்று கொத்திச் சிறகு பிடுங்குவது குறைகிறது. எட்டுக் கோழிக்கு நாளுக்குக் கால் கிலோ பச்சை, ஏறத்தாழ ஒரு கட்டுக் கீரை. தேவை இவ்வளவு சிறியதாக இருக்கும்போது, எந்தச் செடியில் புரதம் இரண்டு சதவீதம் கூடுதல் என்ற ஆராய்ச்சி வீண். எது சென்னையில் பிழைக்கும், எது கோழியின் காலுக்குத் தாங்கும் என்ற இரண்டும்தான் தீர்மானிக்க வேண்டியவை.

சென்னையின் இரண்டு முரட்டு மாதங்கள்

இந்த ஊரில் ஆண்டுக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் ஏறத்தாழ அறுபது சதவீதம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடுகிறது. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தது; 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கத்தை நாள்கணக்கில் தண்ணீரில் நிறுத்தியது. அவ்வளவு மோசமாக இல்லாத ஆண்டிலும் நவம்பரில் தூவிய விதை ஒன்று அடித்துக்கொண்டு போகும், அல்லது முளைத்த கையோடு அழுகும். மறுபக்கம் மே மாதம். 2003 மே கடைசியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. 2019 கோடையில் நகருக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, வீடுகள் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தபோது கோழிப் புல்லுக்கு யார் தண்ணீர் விட்டிருப்பார்கள்?

எனவே பருவப் பயிர் என்றால் இங்கே இரண்டு வாசல்கள்தான் திறந்திருக்கின்றன. ஒன்று தை, மாசி: மண்ணில் ஈரம் நிற்கிறது, வெயில் இதமாக இருக்கிறது, பூச்சி குறைவு. இன்னொன்று ஆடி, ஆவணி: பகலில் சுட்டாலும் மாலையில் இடி மழை வந்து போகும். இந்த இரண்டில் தையே மேல். ஆடியில் விதைத்தது ஐப்பசி மழைக்குள் தன் வேலையை முடித்திருக்க வேண்டும் என்ற நெருக்கடி உண்டு.

குளிர் நாட்டுக் குளோவரும் ரை புல்லும் இதனால்தான் இங்கே எடுபடாது. நமது சனவரி இரவே இருபது டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. அவற்றுக்கு அது கோடை. குதிரைமசால் என்ற தீவனப் பயிரை நிறையப் பேர் பரிந்துரைப்பார்கள், கோயம்புத்தூர் பக்கத்து வடிகால் நல்ல மண்ணில் அது தங்கம். சென்னையில் மழை ஓய்ந்தபின் விதைத்தால் முதல் வெட்டுக்கு எழுபத்தைந்து நாளுக்கு மேல் ஆகும். அதற்குள் பங்குனி வெயில் வந்துவிடும். ஒன்றிரண்டு வெட்டுக்காக அவ்வளவு பாடு எதற்கு?

மேயவிடுவதா, வெட்டிப் போடுவதா

எந்தச் செடி என்பதைவிட இதுதான் பெரிய தீர்மானம். நம் ஊரில் இதைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறார்கள்.

ஆடு இலையைக் கடித்துவிட்டு நகர்ந்துவிடும். கோழி அப்படி இல்லை. இலையைத் தின்றபின் காலால் கிளறி வேரையும் தூக்கிவிடும். அரை அடி வளர்ந்த சிறுகீரைப் பாத்தியில் எட்டுக் கோழியை ஒரு மாலை முழுக்க விட்டால் மறுநாள் அங்கே பாத்தி இருந்ததற்கு அடையாளம் இருக்காது. வெட்டிப் போட்டால் செடி பிழைக்கும், ஆனால் தினமும் அரிவாளோடு யாராவது போக வேண்டும், கோழிக்கு நடமாட்டமும் கிடைக்காது. இடைவழி ஒன்று இருக்கிறது, அதுதான் எனக்குப் பிடித்தது: சட்டம். ரீப்பர் கட்டையில் நாலுக்கு மூன்றடி அளவில், ஐந்தாறு அங்குல உயரத்தில் ஒரு சட்டம் அடித்து, மேலே கம்பி வலையை இறுக்கிப் பொருத்தி, விதைத்த இடத்தின் மேல் கவிழ்த்துவிட வேண்டும். வலைக்கண் ஓர் அங்குலத்துக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது, இல்லாவிட்டால் கால் மாட்டும். செடி வலையைத் தாண்டி வளரும்போது கோழி வலைமேல் நின்று நுனியை மட்டும் கொத்தும். வேர் தப்பிக்கும், செடி மறுபடி துளிர்க்கும். ஒரு சட்டத்தை இரும்புக் கடையிலும் மரக்கடையிலும் மிஞ்சிய துண்டுகளை வாங்கியே அடித்துவிடலாம். நான்கைந்து சட்டங்கள் இருந்தால் எட்டுக் கோழிக்குத் தாராளம்.

சட்டம் அடிக்க மனமில்லையென்றால் நிலத்தை நான்காகப் பிரித்து வலை கட்டி மாற்றி மாற்றிவிடலாம். ஒரு பகுதியில் இலை மூன்று அங்குலத்துக்குக் குறைந்ததும் அடுத்ததற்கு மாற்றிவிட வேண்டும். நாள் கணக்குப் பார்த்து மாற்றினால் மழைக்காலத்தில் தரை போய்விடும். காலி செய்த பகுதிக்கு மூன்று வாரமாவது ஓய்வு வேண்டும், ஒட்டுண்ணிப் புழுவின் தொல்லையும் அதனால் கொஞ்சம் குறையும். ரத்தக் கழிச்சலை உண்டாக்கும் கிருமி மட்டும் ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் ஓரிரு நாளிலேயே தொற்றத் தயாராகிவிடும். ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் ஈர மண்ணில் குஞ்சுகளை மேயவிடவே கூடாது.

எந்த முறையானாலும் கோழியைக் காலையில் முட்டையிட்டு, தீவனம் தின்றபின் மாலை நாலு மணிக்கு மேல் திறந்துவிடுங்கள். காலையிலேயே பச்சையால் வயிற்றை நிரப்பிக்கொண்டால் தீவனத்தைக் குறைத்துவிடும், முட்டையும் குறையும்.

இனி செடிகள்

தை விதைப்புக்கு அரைக்கீரையை முதலில் வைக்கிறேன். சிறுகீரை இருபத்தைந்து நாளில் தயாராகிவிடும், ஆனால் அதை வேரோடு பிடுங்கினால் கதை முடிந்தது. அரைக்கீரை வெட்ட வெட்டத் துளிர்க்கும் சாதி. சட்டத்துக்கென்றே பிறந்ததுபோல இருக்கும். தண்டுக்கீரை ஆடியில் நன்றாக வரும். மழை பிடித்துவிட்டால் இந்தக் கீரைகளின் இலைக்கடியில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும். அதுவும் ஐப்பசியில் விதைக்காமல் இருப்பதற்கு ஒரு காரணம். கீரை வகைகளுக்குப் பொதுவான குறை ஆக்சலேட். அது சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போடும். கீரையை மட்டுமே கூடை கூடையாகக் கொட்டாமல் மற்றவற்றோடு கலந்து கொடுத்து, ஒரு சட்டியில் கிளிஞ்சல் தூளைத் தனியாக வைத்துவிட்டால் கவலையில்லை.

கம்பு மலிவு. மளிகைக் கடையில் முழுக் கம்பாக வாங்கியதே முளைக்கும், தனி விதை தேட வேண்டாம். கேழ்வரகும் அப்படியே. தினை, சாமை, வரகு கடையில் உமி நீக்கி வருவதால் தூவிவிட்டுக் காத்திருப்பது வீண். கம்பை நெருக்கமாகத் தூவி, ஆறு அங்குலம் வளர்ந்ததும் திறந்துவிட வேண்டும். அதற்கு மேல் விட்டால் நார் ஏறிவிடும். நீளமான நார்ப் புல்லைக் கோழி விழுங்கினால் கழுத்தடியிலுள்ள தீனிப்பையில் சுருண்டு அடைத்துக்கொள்ளும். கந்தனக்காய் என்ற அரைவைப்பை அரைப்பதற்கு அது கீழே போய்ச் சேர்ந்தால்தானே! சோளத்தை இதே முறையில் விதைக்க வேண்டாம். இளஞ்சோளப் பயிரில் நச்சு இருப்பதும் அதைத் தின்று மாடு சாவதும் கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும்.

காராமணி நல்ல இலை தரும், மண்ணுக்கும் நல்லது. ஆனால் அசுவினிப் பூச்சி மொய்க்கும். மருந்தடித்தால் கோழிக்குக் கொடுக்க முடியாது. கம்போடு கலந்து கொஞ்சம் தூவலாம், தனிப் பாத்தி தேவையில்லை.

கோ-5 போன்ற கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் பற்றி ஒரு வரி: மாடு வைத்திருந்தால் நடுங்கள். கோழிக்கு அது கரும்புத் தோகை மாதிரி.

நிரந்தரப் பயிரில் போட்டி மூன்றுக்கிடையே இருக்கிறது: வேலிமசால், முருங்கை, அகத்தி. சூபாபுல் மரத்தையும் சேர்த்து நாலு என்பார்கள். ஆனால் அதிலுள்ள மிமோசின் என்ற நச்சு கோழியின் வளர்ச்சியைக் கெடுப்பது பலமுறை காட்டப்பட்ட விஷயம், அதை விட்டுவிடலாம். அகத்தியும் ஆட்டுக்கு அமிர்தம் என்பதால் கோழிக்கும் ஆகும் என்று நினைக்கிறார்கள். அதிலுள்ள சப்போனின் என்ற பொருள் குஞ்சுகளுக்கு ஆகாது. வீட்டில் ஏற்கெனவே அகத்தி இருந்தால் மனிதர்கள் சமைத்துச் சாப்பிடட்டும்.

முருங்கையின் உலர்ந்த இலையில் புரதம் கால்பங்கை ஒட்டி வரும், கருவின் நிறத்துக்கும் சிறந்தது. கிளையோடு வெட்டிக் கூண்டில் தலைகீழாகக் கட்டிவிட்டால் கோழிகள் காம்பை மட்டும் மிச்சம் வைக்கும். எல்லாம் சரி, அதன் பலவீனம் சென்னை மழையில் தெரியும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். காற்றுக்கு முறியும், 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்துபோனபின் முருங்கை நிமிர்ந்து நின்ற தெருக்கள் குறைவு. மழை ஓய்ந்ததும் கம்பளிப்பூச்சி தண்டில் அப்பிக்கொண்டு நிற்கும். அதைக் கோழி தின்றுவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மரமாக வளரவிடாமல் நாலடியில் வெட்டி வெட்டிப் புதராக வைத்திருந்தால் இந்த மூன்று தொல்லையும் பாதியாகும். மேட்டில் மட்டும் நடுங்கள்.

வேலிமசால்தான் என் கணக்கில் முதலிடம். இந்த ஊர்க் கோடையில் ஒரு நாள் தண்ணீர் மறந்தாலும் வாடி விழாது, ஒருமுறை விதைத்தால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். விதைத்துத் தொண்ணூறு நாளில் முதல் வெட்டு, பிறகு நாற்பது நாளுக்கு ஒருமுறை. அடியோடு வெட்டாமல் ஒன்றரை அடி விட்டு வெட்ட வேண்டும். தண்டு கட்டையாகிவிடும், கோழி இலையைத்தான் தின்னும். ஆகவே இளசாக வெட்டுவதே நல்லது. கம்பி வேலிக்கு வெளிப்புறமாக ஒரு வரிசை விதைத்தால் வேலிக் கண்ணுக்குள் நீட்டும் இலையைக் கோழி தானே கொத்திக்கொள்ளும், வேரை அதன் கால் எட்டாது.

வெயிலுக்கு நிழலும் தேவை. முப்பத்தைந்து டிகிரியைத் தாண்டினால் கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும், அப்போது இலையைவிட நிழலே அதற்குப் பெரிய உதவி. கூண்டின் மேற்கு முகத்தில் ஒரு பந்தல் போட்டுக் கொடிப்பசலையை ஏற்றிவிட்டால் நிழலும் இலையும் சேர்ந்து கிடைக்கும். பசலைக்கு மட்டும் அந்தக் கோடையிலும் ஒரு குடம் தண்ணீர் ஒதுக்குவது நியாயம். பாத்திரம் கழுவிய தண்ணீரை விட வேண்டாம், அரிசி களைந்ததை விடலாம்.

விதைக்காமலே முளைப்பவை

இந்தப் பகுதியை யாரும் எழுத மாட்டார்கள், ஏனென்றால் இதில் விற்பதற்கு ஒன்றுமில்லை. ஆடி மழை விழுந்த பத்து நாளில் நம் காலி மனையில் மூக்கிரட்டை, சாரணை, பண்ணைக்கீரை, பருப்புக்கீரை, அருகம்புல் எல்லாம் யாரையும் கேட்காமல் வந்துவிடும். எட்டுக் கோழிக்கு ஆடியில் இதுவே போதும் என்று நினைப்பவரை நான் மறுக்க மாட்டேன். பருப்புக்கீரை உப்பு மண்ணிலும் சுடுமணலிலும் வளரும். முட்டைக்கு ஒமேகா-3 கொழுப்பு சேர்க்கும் இலைகளில் அதுவும் ஒன்று. திருவான்மியூர், நீலாங்கரைப் பக்கத்து மணலில், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உவர்க்கும் வீடுகளில், விதைப்பதற்கு முன் இதைத்தான் நம்புவேன்.

மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் களிமண் மனைகளுக்குப் பொன்னாங்கண்ணியும் வள்ளைக்கீரையும் ஏற்றவை. வெட்டிப் போட மட்டும். சாக்கடை கலக்கும் குட்டையில் முளைத்த வள்ளைக்கீரையைத் தொட வேண்டாம், அது தண்ணீரிலுள்ள கன உலோகங்களை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஏரிக்கரையெல்லாம் ஊதாப் பூவோடு நிற்கும் நெய்வேலிக் காட்டாமணக்கும் இதே குடும்பம்தான், ஆனால் அது விஷம்.

விஷம் என்று வந்துவிட்டதால்: ஆமணக்கு, அரளி, ஊமத்தை, பார்த்தீனியம், குப்பைமேனி ஐந்தையும் கோழியைத் திறப்பதற்கு முன் வேரோடு அகற்றுங்கள். கூடவே கட்டட இடிபாடு கொட்டி மேடாக்கிய மனையென்றால் ஆணி, கண்ணாடி, கம்பித் துண்டுகளையும் பொறுக்கிவிட வேண்டும். பளபளப்பாக எதைக் கண்டாலும் கோழி விழுங்கும்.

அசோலாவும் கோயம்பேடும்

அசோலாவைப் பற்றி எல்லோரும் சொல்லும் எண் 24, 25 சதவீதம் புரதம். அந்த எண் உலர்ந்த எடைக்கு. அசோலாவில் தொண்ணூற்று மூன்று சதவீதத்துக்கு மேல் தண்ணீர். ஒரு கிலோ அள்ளினால் உள்ளே இருக்கும் புரதம் பதினைந்து கிராம்தான். அதற்காகத் தொட்டி, நிழல்வலை, மாட்டுச் சாணம், பாறை பாஸ்பேட், அவ்வப்போது தண்ணீர் மாற்றம். முப்பத்தைந்து டிகிரிக்கு மேல் கருகும். கனமழையில் தொட்டி வழிந்து பாதி அசோலா சாக்கடைக்குப் போகும். முழுதாக மூடியிருக்கும்போது கொசு முட்டையிட விடாது என்பது உண்மை, ஆனால் தினமும் அள்ளுகிற தொட்டி எப்போதும் முழுதாக மூடியிருக்காது. டெங்குவுக்காக வீடு வீடாகத் தொட்டி பார்க்க வரும் மாநகராட்சி ஊழியரிடம் இந்த விளக்கத்தைச் சொல்லி நிற்க வேண்டியிருக்கும். மண்ணே இல்லாத மாடி வீட்டில் இரண்டு மூன்று கோழி வைத்திருப்பவருக்கு அசோலா பொருந்தும். அரை கிரவுண்டு மண்ணை வைத்துக்கொண்டு தண்ணீரில் விவசாயம் செய்வது எனக்கு ஏற்கவில்லை.

கோயம்பேடு காய்கறிச் சந்தை இன்னொரு வழி. முட்டைக்கோஸின் வெளி இலை, முள்ளங்கிக் கீரை, விற்காத கட்டுகள் என்று மலிவாகவோ சும்மாவோ கிடைக்கும். போய்வரும் பெட்ரோலைக் கணக்கிட்டால் மலிவு கொஞ்சம் குறையும், பூச்சிமருந்து மிச்சம் எவ்வளவு என்று தெரியாது. உங்கள் தெருக் கீரைக்காரரிடம் மாலையில் மிஞ்சும் கட்டைக் கேட்டு வைப்பது இதைவிட மேல். ஐப்பசி, சித்திரை இரண்டிலும் இந்த வழியைத்தான் நம்பியிருக்க வேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தொடங்குவது எப்படி

வேலிமசால் விதை வாங்குவதில் தொடங்குங்கள், ஏனென்றால் அது மட்டும்தான் காத்திருக்க வைக்கும். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தீவனப் பயிர்த் துறையிலும், செங்கல்பட்டு மாவட்டம் காட்டுப்பாக்கத்திலுள்ள கால்நடைப் பல்கலைக்கழக மையத்திலும் கேட்டுப் பார்க்கலாம். விதையின் தோல் கடினம். தண்ணீரைக் கொதிக்கவிட்டு இறக்கி, கொதி அடங்கி எண்பது டிகிரிக்கு வந்ததும் விதையை நாலைந்து நிமிடம் போட்டு எடுத்து, இரவு முழுக்கக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து விதைக்க வேண்டும். இதைச் செய்யாமல் தூவினால் பாதிக்கு மேல் முளைக்காது. ஆடி முதல் மழைக்கு விதைத்தால் ஐப்பசிக்குள் வேர் பிடித்துவிடும். மழைக்காலம் முழுக்க வேலியை மட்டும் பார்த்துக்கொண்டு, சட்டங்களை அடித்து வைத்திருங்கள். அரைக்கீரையும் கம்பும் பொங்கலுக்கு மறுவாரம் தூவலாம்.